பென்குவின் வந்துபோன மாநகராட்சி

2003ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியில் 14,000 சொச்சம் மேசைக் கணினிகள் இருந்தன. அவற்றில் ஓடியது விண்டோஸ் என்டி 4. அதற்கான பராமரிப்பை நிறுத்தப்போகிறோம், புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. அந்தக் காலத்தில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் எந்த அலுவலகத்திலும் நடப்பது ஒன்றுதான். கொள்முதல் பிரிவு கோப்பு வைக்கும், நிதிப் பிரிவு முனகிக்கொண்டே ஒப்புதல் தரும், அடுத்த விண்டோஸ் வந்து இறங்கும். மேசையில் கணினி என்றால் அதற்குள் விண்டோஸ்தான். இதில் முடிவெடுக்க ஏதோ இருக்கிறது என்றே யாருக்கும் தோன்றாது. மியூனிக் நகர்மன்றத்துக்குத் தோன்றியது. விண்டோஸை விட்டுவிட்டு, பென்குவினைச் சின்னமாகக் கொண்ட திறமூல இயங்குதளமான லினக்ஸுக்கு மாறலாமா என்று யோசித்தது.

மைக்ரோசாஃப்டுக்கு உடனே வியர்த்தது. அதன் அப்போதைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர், ஸ்விட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு மேயர் கிறிஸ்டியான் ஊடேவைப் பார்க்க வந்தார். 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று வர்ணித்தவர் பால்மர். விலையும் வெகுவாகக் குறைக்கப்பட்டது. அப்படியும் 2003 மே 28 அன்று நகர்மன்றம் லினக்ஸுக்கே வாக்களித்தது.

மியூனிக் பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் மாறியது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் கடைசியாக இறங்கிவந்த விலையோடு வைத்துப் பார்த்தால் லினக்ஸ் திட்டத்துக்குத்தான் செலவு அதிகம். நகர்மன்றத்தாருக்கு அது தெரியும். எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் தேதி குறித்தால் இங்கே 14,000 கணினிகளையும் மாற்றியாக வேண்டும் என்ற நிலைமைதான் அவர்களை உறுத்தியது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று பில் கேட்ஸே கேட்டதாகவும், உங்களிடமிருந்து விடுபடத்தான் என்று தான் பதில் சொன்னதாகவும் ஊடே பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

லிமக்ஸ் என்று பெயர் சூட்டப்பட்ட அந்தத் திட்டம் அதன்பின் படாத பாடு பட்டது. மென்பொருள் காப்புரிமைச் சிக்கல் வருமோ என்ற அச்சத்தில் கொஞ்ச காலம் நின்றது. முதல் கணினிகள் லினக்ஸுக்கு மாறவே 2006 ஆகிவிட்டது. 2013 கடைசியில் வேலை முடிந்தது என்று அறிவித்தபோது 14,800 கணினிகள் மாறியிருந்தன. ஆக, பத்தாண்டு. லினக்ஸை நிறுவ ஒரு கணினிக்கு அரை மணி நேரம் போதும். மிச்ச நேரமெல்லாம் எங்கே போனது?

படிவங்களில் போனது. மாநகராட்சி என்றால் பிறப்புச் சான்று, கட்டட அனுமதி, வாகனப் பதிவு, நாய் வளர்க்க வரி என்று ஆயிரம் வேலை. ஒவ்வொரு துறையும் தன் கடிதத்தாளையும் படிவத்தையும் வேர்டில் செய்து, அதற்குள் சின்னச் சின்ன மேக்ரோக்களை எழுதிவைத்திருந்தது. பொத்தானை அழுத்தினால் முகவரி தானாக விழும், தொகை தானாகக் கூடும். எழுதியவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார். மேக்ரோ மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில். மாநகராட்சிக்குள்ளேயே 20க்கும் மேற்பட்ட கணினிப் பிரிவுகள், ஆளுக்கொரு முறை. இதையெல்லாம் தேடி எடுத்து, வேண்டாததைக் கழித்து, மீதியை வேர்டுக்கு மாற்றான ஓப்பன் ஆஃபிஸில் ஓடும்படி மறுபடி எழுத வேண்டியிருந்தது. அதற்காகவே வோல்மக்ஸ் என்றொரு மென்பொருளை மாநகராட்சி ஊழியர்களே எழுதினார்கள். துறையின் பெயர், கையெழுத்திடுபவர், தொலைபேசி எண் எல்லாவற்றையும் கடிதத்தில் அதுவே நிரப்பிக்கொடுக்கும். 2008இல் அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டும் விட்டார்கள். மியூனிக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு மாநகராட்சி தன் படிவங்களைப் பற்றித் தானே உட்கார்ந்து யோசித்தது எத்தனை ஊரில் நடந்திருக்கிறது?

அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு இயங்குதளம் கண்ணில் படுவதே இல்லை. படிவம்தான் படும். ஒரே நிறுவனத்தோடு கட்டிப்போடும் பூட்டு இருப்பதும் அங்கேதான். நம்மூரில் அந்தப் பூட்டு எழுத்துருவில் இருந்தது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் பல ஆண்டுகள் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள்; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். ஒருங்குறிதான் தரம் என்று அரசு ஆணை 2010இல் வந்தது. அதற்கடுத்த ஆண்டு முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. டிடிபி கடையிலிருந்து கல்லூரி ஆய்வகம் வரை சுற்றியிருந்ததெல்லாம் விண்டோஸ்; அவர்கள் மட்டும் வேறெங்கே போவார்கள்?

மியூனிக்குக்குத் திரும்புவோம். 2014இல் ஊடே பதவியிலிருந்து இறங்கினார். அதே சமூக ஜனநாயகக் கட்சியின் டீட்டர் ரைட்டர் மேயரானார். எதிரணியாக இருந்த கிறிஸ்தவ சமூக ஒன்றியத்தின் யோசெஃப் ஷ்மிட் கூட்டணியில் துணை மேயரானார். இருவருக்கும் லினக்ஸ் மேல் நல்லெண்ணம் இல்லை. ஊழியர்கள் புலம்புகிறார்கள், நாட்காட்டியும் மின்னஞ்சலும் ஒட்டவில்லை, மேயரின் கைப்பேசிக்கு மின்னஞ்சல் வரவைக்கவே வாரக்கணக்கில் ஆகிறது என்று குறைகள் கிளம்பின. கைப்பேசிக்கு அஞ்சல் வருவதற்கும் மேசைக் கணினியில் ஓடும் லினக்ஸுக்கும் சம்பந்தமில்லை. அது அஞ்சல் வழங்கியின் வேலை. ஆனால் பழி சுமத்துவதற்கு ஒரு பென்குவின் கிடைத்துவிட்டால் மற்றதை யார் பார்ப்பார்கள்?

மாநகராட்சியே அமர்த்திய அக்சென்ச்சர் நிறுவனம் 2016இல் கொடுத்த அறிக்கை, சிக்கலில் பெரும்பகுதி நிர்வாக அமைப்பில் இருக்கிறது என்றது. மாநகராட்சிக் கணினித் துறையின் தலைவரும், விண்டோஸுக்குத் திரும்பத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் தெரியவில்லை என்றார். அதே ஆண்டு மைக்ரோசாஃப்டின் ஜெர்மன் தலைமையகம் புறநகரிலிருந்து மியூனிக் நகருக்குள் குடிபெயர்ந்ததும் வாய்க்கு அவல் கொடுத்தது. அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் ஏராளம், நிரூபித்தவர்கள் இல்லை. 2017 நவம்பரில் நகர்மன்றம் விண்டோஸ் 10க்குத் திரும்ப வாக்களித்தது. செலவு கிட்டத்தட்ட 5 கோடி யூரோ.

மியூனிக் திரும்பியதோடு, அலுவலகத்துக்கு லினக்ஸ் ஒத்துவராது என்று தீர்ப்பெழுதியவர்கள் பக்கத்து நாட்டைப் பார்த்திருக்கலாம். பிரான்சின் ஜாந்தாமெரி காவல் படை 2005இலேயே ஓப்பன் ஆஃபிஸுக்கு மாறியது. அடுத்து ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, தண்டர்பேர்ட் அஞ்சல் செயலி. தினமும் கை வைக்கும் செயலிகள் எல்லாம் பழகிய பிறகு, 2008 முதல், அடியில் இருந்த விண்டோஸை உருவிவிட்டு லினக்ஸ் வகையான உபுண்டுவை வைத்தார்கள். இன்று அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் கணினிகள் லினக்ஸில் ஓடுகின்றன. சத்தமே இல்லை. அது ராணுவ ஒழுங்குள்ள படை என்பதும் உண்மை. அங்கே தேர்தலில் ஆட்சி மாறி ஆணை மாறுவதில்லை. என் கணக்கில் மியூனிக்குக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி அதுதான்.

மியூனிக் போகலாமா திரும்பலாமா என்று அல்லாடிய அந்தப் பதினைந்து ஆண்டுகளில் சண்டைக் களமே இடம் மாறிவிட்டது. பால்மர் போய் சத்ய நாதெள்ளா வந்ததும், மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது என்று மேடையேறியே சொன்னார். அதன் அசூர் மேகக் கணிமையில் பாதிக்கு மேல் ஓடுவது லினக்ஸ். மேசைக் கணினிகளில் 2009 வாக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து விண்டோஸாக இருந்தது. இன்று எழுபதை ஒட்டி நிற்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் மென்பொருள்காரரிடம் மேக் வேண்டுமா, விண்டோஸ் வேண்டுமா, லினக்ஸ் வேண்டுமா என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அன்றாட வேலை உலாவிக்குள் நடப்பதால் அடியில் எது ஓடினாலும் பலருக்குக் கவலையில்லை.

அதனால் விடுதலை வந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்தோம். அன்று என்டி 4க்குப் பராமரிப்பு நின்றாலும் கணினி ஓடும், கோப்புகள் நம் அறையில் இருக்கும். இன்று கோப்பும் அஞ்சலும் அடையாளமும் வேறொருவரின் வழங்கியில் இருக்கின்றன. மாதச் சந்தா கட்டி உள்ளே போகிறோம். அமெரிக்கத் தடைக்குப் பின் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்குரைஞருக்கு அலுவலக அஞ்சல் அறுந்துபோனதாக 2025இல் செய்தி வந்தபோது ஐரோப்பிய அரசு அலுவலகங்கள் விழித்துக்கொண்டன. நீதிமன்றத்துக்கான சேவையை நாங்கள் நிறுத்தவில்லை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. நீதிமன்றமோ ஜெர்மனியில் உருவான ஓப்பன்டெஸ்க் என்ற திறமூலத் தொகுப்புக்கு மாற முடிவு செய்தது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பராமரிப்பும் நின்றது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவை ஆயின. மீண்டும் ஒரு நிறுவனம் தேதி குறித்தது.

இந்த முறை மியூனிக்கின் இடத்தில் நிற்பது ஜெர்மனியின் வட கோடியில் உள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம். 30,000 அரசுக் கணினிகளை மைக்ரோசாஃப்டிடமிருந்து விடுவிப்பதென்று 2024 ஏப்ரலில் அமைச்சரவை முடிவெடுத்தது. பிரெஞ்சுக்காரர்களின் வரிசைதான் அங்கும்: முதலில் லிப்ரேஆஃபிஸ் அலுவலகத் தொகுப்பு, அடுத்து அஞ்சல், கடைசியில்தான் லினக்ஸ். 2025 அக்டோபருக்குள் 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டார்கள். நீதித்துறையிலிருந்து அஞ்சல் தாமதமாகிறது என்று புகார் வராமல் இல்லை. இந்த வேலையை முன்நின்று நடத்தும் அமைச்சர் டிர்க் ஷ்ரோட்டர், மியூனிக்கில் லிமக்ஸுக்கு எதிராக நின்ற ஷ்மிட்டின் கட்சிக்கு உடன்பிறப்பான கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தைச் சேர்ந்தவர். அரசியல் நிறம் பார்த்து இந்த விஷயத்தில் ஆரூடம் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தொழில்நுட்பத்தில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன்காரர்கள் மியூனிக்கைவிடத் தெளிவாக அடி எடுத்து வைக்கிறார்கள் என்பது என் கருத்து. மியூனிக்கைக் கவிழ்த்தது தொழில்நுட்பமல்ல. அந்த மாநிலத்துக்கு அடுத்த தேர்தல் 2027இல்.