படகைத் தள்ளும் நான்கு ரப்பர் கால்கள்

தேக்கா அருகே சிராங்கூன் சாலையில், சிவப்பு விளக்குக்காக ஒரு டீசல் பேருந்து நிற்கிறது. உள்ளே அமர்ந்திருக்கும் உங்கள் பக்கத்துச் சன்னல் தடதடவென ஆடுகிறது. பேருந்து கிளம்பி வேகம் எடுத்ததும் ஆட்டம் அடங்கிவிடுகிறது. இத்தனைக்கும் இன்ஜின் இப்போதுதான் அதிகம் உழைக்கிறது. பிறகு ஏன் அதிர்வு குறைகிறது?

பதிலில் பெரும்பகுதி இன்ஜினைத் தாங்கும் ரப்பரில் இருக்கிறது. பட்டறைகளில் அதை ‘மவுண்டிங்’ என்பார்கள். பேருந்தில் அது கண்ணில் படாது. பாய்மரப் படகில் எளிதாகப் பார்க்கலாம். பல படகுகளில், அறைக்குள் இறங்கும் படிக்கட்டை நகர்த்தினாலே போதும். நான்கு ரப்பர் கால்கள்மீது டீசல் இன்ஜின் நிற்பது தெரியும்.

பாய்மரம் இருக்க இன்ஜின் எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நம் கடலில் காற்று பல நாள்களில் சோம்பேறி. அதே கடலில்தான் உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்றான சிங்கப்பூர் நீரிணையும் இருக்கிறது. சரக்குக் கப்பலால் சட்டென்று நிற்க முடியாது. விலக வேண்டியது சிறு படகுதான். அந்த நேரத்தில் இன்ஜின் கைவிடக்கூடாது.

ரப்பர்மீது நிற்கும் எந்தப் பொருளுக்கும் தனக்கென ஓர் ஆட்ட வேகம் உண்டு. அதுதான் இயல்பு அதிர்வெண். இன்ஜினின் எடையால் ரப்பர் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால், ஏறத்தாழ அந்த அதிர்வெண் கிடைக்கும். 2.5 மில்லிமீட்டர், அதாவது 0.25 சென்டிமீட்டர் அமுங்கினால், விநாடிக்கு 10 ஆட்டம்.

மூன்று சிலிண்டர் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும்போது, விநாடிக்கு 20 முறை உதைக்கிறது. இது இயல்பு அதிர்வெண்ணைப் போல இரு மடங்கு. இரண்டின் வர்க்கம் 4. அதில் ஒன்றைக் கழித்தால் 3. ஆக, உதையில் மூன்றில் ஒரு பங்குதான் படகின் உடலுக்குப் போகிறது. 2,400 சுற்றில் விநாடிக்கு 60 உதை, ஆறு மடங்கு. 36இல் ஒன்றைக் கழித்தால் 35. கடத்தப்படுவது முப்பத்தைந்தில் ஒரு பங்கு! பேருந்துச் சன்னலின் கதையும் ஏறத்தாழ இதுதான். இன்ஜினை அணைக்கும்போது கடைசியாக ஓர் உதறல் வருமே, அது வேகம் குறைந்துகொண்டே வந்து இயல்பு அதிர்வெண்ணைக் கடக்கும் கணம். ரப்பர் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக விழுங்குவதால் இந்த எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது.

அப்படியென்றால் ரப்பர் இன்னும் மென்மையாக இருக்கலாமே? படகில் அது முடியாது. பெரும்பாலான சிறு பாய்மரப் படகுகளில், சுழலும் புரொப்பல்லர் தண்டைத் தள்ளுகிறது. தண்டு இன்ஜினைத் தள்ளுகிறது. இன்ஜின் இந்த ரப்பர் கால்கள் வழியாகத்தான் படகைத் தள்ளுகிறது. முழுப் படகும் நகர்வது அவற்றின் தயவில். ஆகவே அவை மேலும் கீழும் நெகிழ வேண்டும். முன்னும் பின்னும் விறைப்பாக இருக்க வேண்டும். படகு காற்றில் சாயும்போது இன்ஜின் பக்கவாட்டில் தொங்கும், அதையும் தாங்க வேண்டும். கார் மவுண்டிங்கை வாங்கிப் பொருத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

இயற்கை ரப்பருக்கும் நமக்கும் பழைய உறவு. 1877இல் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். மலாயாவின் பால்மரக் காடுகளில் உழைத்தவர்களில் நம் முன்னோர் ஏராளம்.

அந்த ரப்பருக்கு வெப்பமும் எண்ணெயும் ஆகாது. வெப்பத்தில் ஆக்சிஜன் அதன் நீண்ட மூலக்கூறுகளைத் தாக்கி, காலப்போக்கில் இறுக வைக்கிறது அல்லது அறுக்கிறது. எண்ணெய் உள்ளே புகுந்து ஊதவைக்கிறது. கறிவேப்பிலைக் கட்டில் வரும் ரப்பர் பட்டையை இரண்டாக வெட்டி, ஒரு துண்டைக் குழந்தைகளுக்குப் பூசும் கனிம எண்ணெயில் சில நாள் ஊறவைத்து, மற்றதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல மவுண்டிங்குகளின் மேல் கவிழ்த்த கிண்ணம்போல் ஓர் உலோக மூடி இருப்பது எண்ணெய்ச் சொட்டைத் தடுக்கத்தான்.

இறுகிய ரப்பரின் இயல்பு அதிர்வெண் 20க்கு ஏறிவிட்டால், மெதுவாக ஓடும் இன்ஜினின் உதையோடு அது ஒத்துப்போகும். படகே நடுங்கும். கிழிந்த ரப்பர் வேறு விதமாகக் கெடுக்கும்: இன்ஜின் ஒரு பக்கம் இறங்க, தண்டு கோணலாகிறது. தண்டு படகைவிட்டு வெளியேறும் இடத்தில் உள்ள அடைப்பு தேய்ந்து, கடல்நீர் உள்ளே கசியத் தொடங்குகிறது. மவுண்டிங்கின் அடியில் கறுப்புத் தூள் கிடந்தால், ரப்பர் உலோகத்திலிருந்து பிரிந்திருந்தால், மாற்றும் நேரம் வந்துவிட்டது.

முதலில் ஒவ்வொரு காலின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்த் தொட்டியில் ஜாக் வைக்காமல், இன்ஜினின் தூக்கு வளையத்தில் சங்கிலி மாட்டிச் சில மில்லிமீட்டர் மட்டும் உயர்த்தி, ஒவ்வொன்றாக மாற்றுவது பாதுகாப்பு. முன்கால், பின்கால் ரப்பரின் கடினம் வேறுபடலாம். மேலே பொறித்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

கடினமான வேலை அதன்பிறகுதான். புதிய ரப்பர் அமுங்கி நிலைக்க ஓரிரு நாள் பிடிக்கும். கரையேற்றிய படகின் உடல் சற்று வளைந்திருக்கும் என்பதால், இறுதி அளவைப் படகு நீரில் மிதக்கும்போதுதான் எடுக்க வேண்டும். இன்ஜினும் தண்டும் சேரும் இரு தட்டுகளைச் சற்றே பிரித்து, மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பார்கள். 10 சென்டிமீட்டர் தட்டில் வேறுபாடு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. அது நகலெடுக்கும் தாள் ஒன்றின் தடிமன். சில மணி நேரம் இன்ஜின் ஓடிய பிறகு மறுபடி அளப்பார்கள்; எண் மாறியிருந்தால், ரப்பர் இன்னும் அமுங்கிக்கொண்டிருக்கிறது.