காய்ச்சலும் பாய்ச்சலும்

காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது நெல் வயலில் எப்போதும் நீரைத் தேக்கி வைக்காமல், மண்ணைச் சில நாட்கள் காயவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சும் பாசன முறையாகும். தேங்கிய நீரின் பெரும்பகுதி பயிருக்குப் பயன்படாமல் நிலத்தினுள் கசிந்தும் ஆவியாகியும் வீணாவதை இது குறைக்கிறது.

பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் முறைப்படி, துளையிட்ட குழாய் ஒன்று வயலில் பதிக்கப்படுகிறது. அதனுள் நீர்மட்டம் மண்பரப்பிலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கியதும், வயலில் 5 செ.மீ. உயரத்திற்கு நீர் பாய்ச்சப்படுகிறது. அந்த ஆழம் வரை வேர்களுக்கு ஈரம் கிடைப்பதால் பொதுவாக விளைச்சல் குறைவதில்லை. ஆயினும் பூக்கும் பருவத்தில் வயல் காய்ந்தால் பதர் மிகும் என்பதால், அப்போது நீர் நிறுத்த வேண்டும்.

இம்முறையால் ஏறத்தாழ 30% வரை பாசன நீர் மிச்சமாகிறது. மண்ணில் காற்று புகுவதால் மீத்தேன் வெளியேற்றமும் குறைகிறது. களை மிகுதல் இதன் குறைபாடாகும்.