ஸ்கீ ரிசார்ட் முதல் இள்ளலூர் வொண்டர்லா வரை: ஒரு கம்பெனியையும் அதன் போட்டியையும் எப்படி அலசுவது?

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு டிப் வருகிறது: "வொண்டர்லா ஷேர் வாங்கு, சென்னையில பார்க் திறந்துட்டாங்க, இனிமே ராக்கெட்தான்!" அதே நேரம், பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் எம்பிஏ படிக்கும் ஒருவருக்கு கல்லூரியில் ஒரு அசைன்மென்ட்: 'ஸ்கீ ரிசார்ட் துறையின் நிறுவனங்களையும் போட்டியையும் ஆய்வு செய்க.' ஐஸ்கிரீம் வண்டியைத் தாண்டி பனியைப் பார்க்காத ஊரில் ஸ்கீயா என்று சிரிப்பு வரலாம். ஆனால் இந்த ரெண்டு பேரும் தேடப்போவது கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான்.

பனிமலைக்கும் வாட்டர் ஸ்லைடுக்கும் என்ன சம்பந்தம்?

ரெண்டும் ஒரே மாதிரி பிசினஸ். முதல் டிக்கெட் விற்கும் முன்பே நிலம், லிஃப்ட் அல்லது ரைடு, சாலை, மின்சாரம், பாதுகாப்பு ஊழியர்கள் என்று நூற்றுக்கணக்கான கோடிகளைக் கொட்டியாக வேண்டும். கேட்டைத் திறந்த பிறகு 500 பேர் வந்தாலும் 5,000 பேர் வந்தாலும் அன்றைய செலவு பெரிதாக மாறாது. இன்றைக்கு விற்காத டிக்கெட்டை நாளைக்கு எடுத்து விற்கவும் முடியாது. வீணானது வீணானதுதான்.

அதோடு, வானிலை. 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் பனியே இல்லாமல் வறண்டு கிடந்த படங்கள் எல்லா டிவியிலும் வந்தன. அடுத்த ஆண்டு, அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் பிப்ரவரியில் இருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. நம்ம ஊர் பூங்காக்களுக்கு இதே அடியை வடகிழக்குப் பருவமழை கொடுக்கும். கோடை விடுமுறையில்தான் வசூல். நவம்பரில் குடை பிடித்துக்கொண்டு யார் ரோலர்கோஸ்டர் ஏறுவார்கள்?

எனவே இந்தத் துறையில் எந்த கம்பெனியைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஒரு மோசமான சீசனைத் தாங்குமா?

தகவல் எங்கே கிடைக்கும்?

கம்பெனி யாருடையது என்பதைப் பொறுத்தது. கூகுளில் பெயரைப் போட்டு முதல் பக்கத்தைப் படிப்பது ஆய்வு இல்லை. அது பெரும்பாலும் விளம்பரம்.

பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் வேலை சுலபம். அமெரிக்காவின் வெய்ல் ரிசார்ட்ஸ் 1997-ல் நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தது. அது ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் அறிக்கை அந்நாட்டு பங்குச்சந்தை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதன் நேரடிப் போட்டியாளரான ஆல்டெரா 2017-ல் உருவான தனியார் நிறுவனம். அதனிடம் இருந்து அவ்வளவு வெளிப்படையான கணக்கு வராது. அப்போது என்ன செய்வது? போட்டியாளர் தன் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். எதிர்க்கடைக்காரரிடம் விசாரிப்பது மாதிரிதான்.

இந்தியாவில் கதை வேறு. குல்மார்க் கோண்டோலாவை நடத்துவது ஜம்மு காஷ்மீர் அரசின் கேபிள் கார் கழகம். 1998-ல் முதல் கட்டம், 2005-ல் இரண்டாம் கட்டம். அரசு நிறுவனம் என்பதால் தணிக்கை அறிக்கையும் தகவல் உரிமைச் சட்டமும்தான் சாவி.

சென்னைக்கு வாருங்கள். ஈசிஆரில் விஜிபி, எம்ஜிஎம், பூந்தமல்லியைத் தாண்டினால் குயின்ஸ்லேண்ட். இவை பங்குச்சந்தையில் இல்லை. ஆனால் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவான எதுவும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். 100 ரூபாய் கட்டினால் யாரும் பார்க்கலாம். அதில் 'சார்ஜ்' என்று ஒரு பகுதி உண்டு; எந்த வங்கியிடம் எதை அடமானம் வைத்து எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், லாபக் கணக்குக்கு முன்னால் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். அடுத்து நீதிமன்ற இணையதளம். குயின்ஸ்லேண்ட் நிலம் தொடர்பான வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நிலமே மூலதனமாக இருக்கும் தொழிலில் இப்படி ஒரு வழக்கைத் தவறவிட்டால் மற்ற ஆய்வெல்லாம் வீண்.

ஒரே தொழில், ரெண்டு விதி

மும்பை - புனே வழியில் கோபோலி அருகே 2013-ல் திறந்தது இமேஜிக்கா. பிரம்மாண்டம், சர்வதேசத் தரம், பெரிய கனவு. கட்டியது பெரும்பாலும் கடனில். 2015-ல் அட்லாப்ஸ் என்டர்டெயின்மென்ட் என்ற பெயரில் பங்குச்சந்தைக்கும் வந்தது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. வட்டி மட்டும் தவறாமல் வந்தது. கடனைக் கட்ட முடியாத நிலையில், 2022-ல் மல்பானி குழுமம் கையில் எடுத்தது. பூங்கா இன்றும் ஓடுகிறது. ஆரம்பத்தில் நம்பிப் பணம் போட்டவர்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்பது வேறு கேள்வி.

வொண்டர்லா இதற்கு நேர் எதிர். வி-கார்டு நிறுவனர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-ல் கொச்சியில் 'வீகாலேண்ட்' என்ற பெயரில் தொடங்கினார். அடுத்தது 2005-ல் பெங்களூரு. ஹைதராபாத் 2016-ல்தான், புவனேஸ்வர் 2024-ல். ஆமை வேகம் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் கொரோனா ஆண்டில் பூங்காக்கள் மூடிக்கிடந்து சுமார் 50 கோடி ரூபாய் நஷ்டம் வந்தபோது, தலைக்கு மேல் பெரிய கடன் இல்லாததால் அது தாங்கியது.

அதற்காக 'வாங்கிப் போடு' என்று அர்த்தம் இல்லை. 2023-24-ல் சுமார் 483 கோடி வருமானம், 158 கோடி லாபம். அடுத்த ஆண்டு வருமானம் சுமார் 458 கோடிக்கு இறங்கியது. லாபமோ 109 கோடி. கவனியுங்கள்: வருமானம் 5 சதவீதம் குறைந்ததற்கு லாபம் 30 சதவீதம் போய்விட்டது. புதிய பூங்காவின் தேய்மானம் போன்ற காரணங்களும் அதில் உண்டு. ஆனாலும் மேலே சொன்ன 'கூட்டம் குறைந்தாலும் செலவு குறையாது' என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இள்ளலூருக்கு ஏன் இவ்வளவு நாள்?

திருப்போரூர் அருகே இள்ளலூரில் 64 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தில், 611 கோடி ரூபாய் செலவில் வொண்டர்லா 2025 டிசம்பரில்தான் திறந்தது. ஆனால் திட்டம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே போடப்பட்டது. இடையில் முட்டுக்கட்டை போட்டது ரைடு இல்லை, வரி.

2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு 28 சதவீதம். 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளுக்கான கேளிக்கை வரியும் இருந்தது. அதில் 10 ஆண்டு விலக்கை அரசு கொடுத்த பிறகே வேலை சூடுபிடித்தது. விலக்கு முடியும்போது டிக்கெட் விலை என்ன ஆகும் என்பதை இப்போதே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதிரி விஷயங்கள் ஐபிஓ ஆவணத்தின் 'ரிஸ்க் ஃபேக்டர்ஸ்' பகுதியில் இருக்கும். அந்த ஆவணத்தில் பலரும் புரட்டாமல் விடும் பகுதியும் அதுவே.

உண்மையான போட்டியாளர் யார்?

விஜிபி, எம்ஜிஎம் என்று சொன்னால் பாதி மார்க்தான். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர், ஆரணியில் குடும்பத்தோடு இருப்பவர், இவர்கள் இள்ளலூர் போக செங்குன்றத்தில் தொடங்கி சென்னையை முழுசாகக் கடக்க வேண்டும். ரெண்டு குழந்தைகளோடு போக வர பல மணி நேரம், வண்டி வாடகை, நாலு டிக்கெட், உள்ளே சாப்பாடு. அதே ஞாயிற்றுக்கிழமைக்கு தடா அருவி இருக்கிறது, பழவேற்காடு இருக்கிறது, பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போய்விட்டு மதியத்துக்குள் வீடு திரும்பலாம். இவர்களைப் பொறுத்தவரை வொண்டர்லாவுக்குப் போட்டி இன்னொரு பூங்கா இல்லை, தூரம்தான்.

சிறுசேரி ஐடி ஊழியருக்குக் கணக்கு வேறு. அவருக்கு இள்ளலூர் பக்கம். போட்டி புதுச்சேரி டிரிப். இப்படி 'யார், எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் வருவார்' என்று பிரித்துப் பார்ப்பது உலகம் முழுக்க இந்தத் துறையில் அடிப்படைப் பாடம்.

அமெரிக்க நீதித்துறையே இதே கோணத்தில்தான் ஒரு வழக்கை நடத்தியது. 1997-ல் வெய்ல் நிறுவனம் கொலராடோவில் புதிதாகச் சில ஸ்கீ மலைகளை வாங்க முயன்றது. அமெரிக்காவில் ஸ்கீ மலைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் டென்வர் பக்கத்து மக்கள் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய மலைகள் கொஞ்சம்தான். அவற்றில் அதிகம் ஒரே கைக்குப் போனால் டிக்கெட் விலை ஏறும் என்றது அரசு. கடைசியில் அராபஹோ பேசின் என்ற மலையை வெளியாருக்கு விற்கும் நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது.

பிறகு வெய்ல் வேறு ஆயுதம் எடுத்தது. 2008-ல் எபிக் பாஸ்: சீசன் தொடங்கும் முன்பே ஒரு தொகை கட்டினால் தன் மலைகளில் எல்லாம் சறுக்கலாம். பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பணம் முன்கூட்டியே வந்துவிடும். லிஃப்ட் வருமானத்தில் பாதிக்கு மேல் இப்போது பாஸ் மூலம்தான். ஆல்டெரா 2018-ல் ஐகான் பாஸோடு வந்தது. நம்ம ஊர் பூங்காக்களில் ஆண்டு பாஸ் விற்பனை எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். மழைக்கால வருமானத்துக்கான விடை அதில் ஓரளவு இருக்கும்.

ஷேர் வேண்டாம், வேலைதான் வேணும் என்றால்?

அப்படியானால் கூடுதலாக ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் கடைசியில், கூட்டம் அலைமோதும் விடுமுறை நேரத்தில், வெய்லுக்குச் சொந்தமான பார்க் சிட்டியில் பாதுகாப்பு ரோந்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாதி மலையைக்கூட திறக்க முடியவில்லை. காசு கொடுத்து வந்தவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள், வீடியோக்கள் வைரலாயின. கிட்டத்தட்ட ரெண்டு வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஆரம்ப ஊதியம் மணிக்கு 21 டாலரில் இருந்து 23 ஆனது. 2025 மே மாதம் வெய்லின் தலைமைச் செயல் அதிகாரியும் மாறினார்.

இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் ஆண்டறிக்கையோடு பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கையும் கொடுக்க வேண்டும். அதில் நிரந்தர ஊழியர் எத்தனை, மற்றவர்கள் எத்தனை, எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், எத்தனை விபத்து என்று அட்டவணையாகவே இருக்கும். இன்டர்வியூவுக்குப் போகும் முன் அந்த அட்டவணையின் மூன்று வருட எண்ணிக்கையை ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். "எங்களிடம் ஏதாவது கேள்வி இருக்கா?" என்று அவர்கள் கேட்கும்போது கேட்க நிறைய இருக்கும்.