முள் ஏன் பொய் சொன்னது?

மாணவர்களே, 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா கிள்ளான் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இவ்வளவு பழைய கார்களின் வெப்பமானியில் பெரும்பாலும் எண்கள் இருக்காது. குளிர், சூடு என இரண்டு குறிகள்தாம். அதனால் சிலர் டிகிரி காட்டும் மீட்டரைத் தனியாக வாங்கிப் பொருத்துவார்கள்.

என் சித்தப்பாவும் பொருத்தினார். முள் வழக்கமாக 75இல் நிற்கும். "பார்த்தியா, எஞ்சின் எவ்வளவு குளிர்ச்சியா ஓடுது!" என்று பெருமைப்படுவார். ஒருநாள் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ரேடியேட்டர் ஆவி கக்கியது. அப்போதும் முள் 90ஐத் தாண்டவில்லை. சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது.

மீட்டரில் பழுது இல்லை. பிறகு என்ன?

அந்த மீட்டர் வெப்பத்தை அளப்பதே இல்லை. அது உணர்வது மின்னோட்டத்தை. தண்ணீர்க் குழாயில் செருகிய சென்சருக்குள் ஒரு சிறு மின்தடை இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் தடை குறையும். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில் 40 டிகிரியில் ஏறக்குறைய 290 ஓம், 90இல் 51, 120இல் வெறும் 22. ஓம் விதிப்படி, தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும்; முள் ஏறும்.

மின்சுற்று முழுமையாக வேண்டும் அல்லவா? பேட்டரியிலிருந்து மீட்டர், அங்கிருந்து சென்சர், பிறகு காரின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரியின் எதிர்முனை. எஞ்சினில் நேராகத் திருகிய சென்சருக்கு இது தானாகவே கிடைக்கும். சித்தப்பாவுடையது இரண்டு ரப்பர் குழாய்களுக்கு நடுவே ஓர் உலோகத் துண்டில் இருந்தது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அந்தத் துண்டிலிருந்து தனியாக ஓர் எர்த் கம்பி இழுக்க வேண்டும். இழுத்திருந்தார், ஆனால் பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே திருகியிருந்தார். மழைநீர் பட்டுத் துரு வேறு.

சாவியை அணைத்துவிட்டு மல்டிமீட்டரால் அளந்தேன். உலோகத் துண்டுக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே ஏறக்குறைய 30 ஓம். ஒரு ஓம்கூட இருந்திருக்கக் கூடாது. இப்போது நீங்களே கூட்டிப் பாருங்கள்: 120 டிகிரி தண்ணீர், 22 ஓம், அதனோடு துருவின் 30. மொத்தம் 52. மீட்டருக்கு அது 90 டிகிரிதான்! தொடரிணைப்பில் தடைகள் கூடும் என்று படிவம் 5 இயற்பியலில் வரும் கணக்கு இதுவே.

உப்புத்தாளால் தேய்த்து மறுபடி திருகினோம். ஐந்து நிமிட வேலை. மீட்டருக்கு மின்சாரம் எடுக்கும் இடத்தில் ஒரு சிறு ஃபியூசும் வைத்தோம். அது இல்லாமல் கம்பி உராய்ந்து உடலைத் தொட்டால், மீட்டர் அல்ல, கம்பியே எரியும்.

ஆசிரியரின் அனுமதியோடு ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய சென்சரின் முனையை வெந்நீரில் வைத்து, ஆற ஆற ஓம் அளவைக் குறித்து வரைபடம் வரையுங்கள். கோடு நேராக வராது. ஏன் என்று யோசித்து வையுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் யார் சொன்னாலும் திறக்காதீர்கள்.