பகடை உருட்டினால் வக்கீல் வருவார், தெரியுமா?

சில பகடைகள், ஒரு பென்சில், நாலு நண்பர்கள். ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் உலவும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட இவ்வளவு போதும். அதற்கு நீங்களே ஒரு சாகசக் கதை எழுதி, அச்சடித்து விற்கப் போனால்? அங்கேதான் சட்டம் குறுக்கே வரும்!

விளையாட்டு விதிக்குப் பதிப்புரிமையே கிடையாது, தெரியுமா? அமெரிக்கச் சட்டப்படி, ‘இருபது முகப் பகடையில் 15 விழுந்தால் அடி படும்’ என்ற முறை யாருக்கும் சொந்தமில்லை. அதை எழுதிய நடையும் வரைந்த படமும்தான் சொந்தம். முறை எங்கே முடிகிறது, நடை எங்கே தொடங்குகிறது? கோர்ட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்ளச் சின்னப் பதிப்பாளரிடம் காசு ஏது?

அதனால்தான் 2000-ல் இந்த விளையாட்டை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், தன் விதிகளைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று ‘ஓப்பன் கேம் லைசென்ஸ்’ கொடுத்ததும் எல்லோரும் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். ராயல்டி இல்லை. ஆனால் யார் யாருடைய திறந்த பகுதியை எடுத்தீர்களோ, அத்தனை பேரின் உரிமை அறிவிப்பையும் அப்படியே அச்சிட வேண்டும். ஒருவரிடமிருந்து ஒருவர் எடுக்க எடுக்க அந்தப் பட்டியல் அனுமார் வால்! நிபந்தனையை மீறியது தெரிந்த 30 நாளில் சரிசெய்யாவிட்டால் லைசென்ஸே போச்சு.

அசல் விளையாட்டை வெளியிட்டவர்களும் தப்பவில்லை. இதே விளையாட்டின் 1974 பதிப்பில் ‘ஹாபிட்’ என்ற குள்ள இனம் இருந்தது. டோல்கீன் படைப்புகளின் உரிமைக்காரர்கள் ஆட்சேபிக்க, ‘ஹாஃப்லிங்’ ஆகிவிட்டது.

இனி உச்சக்கட்டம். 2023 ஜனவரியில் விஸார்ட்ஸ் தயாரித்த புதிய லைசென்ஸின் வரைவு கசிந்தது. பழையது இனி செல்லாதாம்! ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டியாம்! லாபத்தில் அல்ல, வருமானத்தில். அச்சுக்கூலி, தபால் செலவு போக மிஞ்சுவதே சொற்பம் என்கிற தொழிலில் இது பகல் கொள்ளை. பழைய லைசென்ஸில் ‘நிரந்தரம்’ என்று இருந்தது. ‘திரும்பப் பெற முடியாது’ என்று இல்லை. அந்த ஓட்டைதான் அத்தனை பேரின் தூக்கத்தையும் கெடுத்தது.

ரசிகர்கள் கொதித்தார்கள். போட்டி நிறுவனமான பைஸோ, ‘ஆர்க்’ என்று தனி லைசென்ஸை அறிவித்தது. அதே மாதம் 27-ம் தேதி விஸார்ட்ஸ் பணிந்தது. அடிப்படை விதித் தொகுப்பை, யாரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸில் போட்டுவிட்டது. அதைத் திரும்பப் பெற முடியாது என்று அந்த லைசென்ஸிலேயே எழுதியிருக்கிறது!

அதற்காக லோகோவை எடுத்து அட்டையில் ஒட்டிவிடாதீர்கள். டிரேட்மார்க் உங்களுக்கு வரவில்லை. ‘ஐந்தாம் பதிப்புக்குப் பொருந்தும்’ என்று மட்டும் போடலாம். விஸார்ட்ஸ் கேட்கும் நன்றி வாசகம் உள்ளே இருக்கிறதா என்று, அச்சகத்துக்கு அனுப்பும் முன் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.