மயங்கிய மூளையும் ஓடும் வண்டியும்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் செல்கிறது. ஒரு வினாடியில் அது எவ்வளவு தூரம் ஓடும்? பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60,000 மீட்டரை 3,600 வினாடியால் வகுத்தால் ஏறத்தாழ 16.7 மீட்டர் வரும்.

சாலையில் திடீரென்று ஒரு மாடு குறுக்கே வருகிறது. கண் அதைப் பார்க்க வேண்டும். மூளை முடிவு செய்ய வேண்டும். கை கால்கள் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். தெளிவாக இருக்கும் ஒருவருக்கு இதற்கெல்லாம் ஒரு வினாடி ஆவதாக வைத்துக்கொள்வோம். அந்த வினாடி முழுவதும் வண்டி வேகம் குறையாமல் 16.7 மீட்டர் ஓடிவிடுகிறது. ஓட்டுபவர் மது அருந்தியிருந்து, அதனால் இன்னும் அரை வினாடி தாமதமானால்? பிரேக் பிடிக்கும் முன்பே வண்டி 25 மீட்டர் ஓடியிருக்கும். கூடுதலான 8 மீட்டர், ஏறக்குறைய ஒரு வகுப்பறையின் நீளம். குறுக்கே வந்தது மாடாயினும் மனிதராயினும், உயிர் பிழைப்பது இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஆனால் மதுவின் பெருந்தீங்கு இந்த அரை வினாடி அன்று. தாம் தாமதமாகச் செயல்படுகிறோம் என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாமல் போவதுதான் பெருந்தீங்கு. அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் மயங்குவது எது?

நாம் உண்ணும் சோறு செரிமானம் ஆன பிறகுதான் இரத்தத்தில் சேரும். மதுவிலுள்ள எத்தில் ஆல்கஹாலுக்குச் செரிமானம் தேவையில்லை. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. நீரில் எளிதாகக் கலக்கும். ஒரு பகுதி இரைப்பையிலும் பெரும்பகுதி சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டு, சில நிமிடங்களில் மூளையை எட்டத் தொடங்கிவிடும்.

மூளையின் நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று வேதிப்பொருள்கள் மூலம் செய்தி அனுப்புகின்றன. சில பொருள்கள் செல்லைத் தூண்டும், சில அடக்கும். ஆல்கஹால், அடக்கும் செய்திகளை வலுப்படுத்துகிறது. தூண்டும் செய்திகளைத் தளர்த்துகிறது. இந்த மயக்கம் கை கால்களைத் தள்ளாட வைப்பதற்கு முன்பே, ஆபத்தை எடைபோட்டு 'வேண்டாம்' என்று தடுக்கும் முன்மூளைப் பகுதியின் வேலையைக் கெடுத்துவிடுகிறது. தள்ளாட்டமும் குழறலும் பிறகு வருகின்றன. அப்படியானால், "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் நன்றாக ஓட்டுவேன்" என்று ஒருவர் சொல்லும்போது, தீர்ப்புச் சொல்வது எது? ஏற்கெனவே மயங்கிப்போன அந்த நீதிபதியேதான்!

உங்கள் வயதினருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த முன்மூளைப் பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயதாகும். வண்டி ஓட்டும் பழக்கமும் புதிது. ஆகவே அதே அளவு ஆல்கஹால் இரத்தத்தில் இருந்தாலும், பெரியவர்களைவிட இளைஞர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு அதிகம். இளம் ஓட்டுநர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச வரம்பு, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 20 மில்லி கிராம் மட்டுமே.

மூச்சு சொல்லும் சாட்சி

ஓட்டுபவரின் சொல்லை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? அவருடைய மூச்சை நம்பலாம். நுரையீரலில் இரத்தமும் காற்றும் மிக மெல்லிய சுவரின் இரு புறமும் ஓடுகின்றன. இரத்தத்திலுள்ள ஆல்கஹாலில் சிறிது ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. 2,100 மில்லி லிட்டர் மூச்சுக் காற்றில் உள்ள ஆல்கஹால், சராசரியாக 1 மில்லி லிட்டர் இரத்தத்தில் உள்ள ஆல்கஹாலுக்குச் சமம். மூச்சை அளந்தால் இரத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

1954-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ராபர்ட் போர்கன்ஸ்டைன் என்பவர் உருவாக்கிய மூச்சுச் சோதனைக் கருவியில் நடந்த வினை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட், ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்து, தான் பச்சை நிறக் குரோமியம் உப்பாக மாறும். நிற மாற்றத்தின் அளவே ஆல்கஹாலின் அளவு. இன்றைய பல கைக்கருவிகளில் ஆல்கஹால் ஒரு மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது.

ஏலக்காயும் புதினா மிட்டாயும் வாய் நாற்றத்தை மறைக்கலாம். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றை அவற்றால் மாற்ற முடியாது.

கல்லீரலின் கடிகாரம்

உடலிலுள்ள ஆல்கஹாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் நொதிகள் சிதைக்கின்றன. அந்த வேலைக்கு ஒரு வேக வரம்பு உண்டு. சராசரியாக ஒரு மணி நேரத்தில் 100 மில்லி லிட்டர் இரத்தத்திலிருந்து 15 மில்லி கிராம் அளவே குறையும். காப்பி, மோர், குளிர்ந்த நீரில் குளியல் ஆகிய எவையும் இந்தக் கடிகாரத்தை வேகமாக ஓட்டா.

ஒரு கல்யாண வீட்டில் இரவு 11 மணிக்கு ஒருவர் இரத்தத்தில் 150 மில்லி கிராம் அளவு இருந்தது என்று கொள்வோம். விடியற்காலை 6 மணிக்கு எவ்வளவு இருக்கும்? 7 மணி நேரத்தில் 105 குறையும், மீதி 45. தூங்கி எழுந்து பல் விளக்கிய பின்னும் அவர் சட்ட வரம்பைத் தாண்டியே இருக்கிறார்!

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் (1988), பிரிவு 185-ன்படி அந்த வரம்பு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம். அதை மீறி ஓட்டினால், 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும்.

பள்ளி மாணவருக்கு இதற்கு முன்பே ஒரு தடை இருக்கிறது. 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டியை மட்டும், உரிமம் பெற்று, 16 வயதில் ஓட்டலாம். மற்றவற்றுக்கு 18 வயது நிரம்ப வேண்டும். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவர் வாகனக் குற்றம் செய்தால், பிரிவு 199ஏ-யின்படி பெற்றோர் அல்லது வாகன உரிமையாளர் மீதே வழக்கு வரும்: 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். தமக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க முழு முயற்சி செய்தோம் என்று அவர்கள் நிரூபித்தால்தான் தப்பலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய சிறுவருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. வேலைக்கோ கல்லூரிக்கோ வண்டி தேவைப்படும் ஆண்டுகள் அவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் உரிமைகள்

சட்டம் தண்டிக்க மட்டும் பிறந்ததன்று. பிடிபட்டவரைக் காக்கவும் அதில் இடம் உண்டு. மது அருந்தி ஓட்டியதாகக் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும்; இல்லையேல் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். பெண்ணிடம் இரத்த மாதிரி எடுத்தால், பெண் மருத்துவரே எடுக்க வேண்டும். அல்லது ஒரு பெண் உடனிருக்க வேண்டும். ஆனால் தக்க காரணமின்றிச் சோதனைக்கு மறுத்தால், அந்த மறுப்பே வழக்கில் ஒருவருக்கு எதிராகக் கொள்ளப்படலாம்.

18 வயது நிரம்பாதவரைப் பூட்டிய காவல் அறையிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்கிறது இளஞ்சிறார் நீதிச் சட்டம் (2015). பெற்றோருக்குத் தகவல் தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளஞ்சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இலவசச் சட்ட உதவி உண்டு. பெயரையும் படத்தையும் செய்தித்தாள்கள் வெளியிடக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் சிறுவருக்கு மது கொடுக்கும் பெரியவருக்கோ 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கும்.

2024 மே மாதம் புனே நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் கார் மோதி, இருசக்கர வண்டியில் சென்ற இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தனர். அவன் மது அருந்தியிருந்தான் என்று காவல்துறை குற்றம் சாட்டியது. சாலை விபத்துகள் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையுடன் முதலில் பிணை கிடைத்ததைக் கண்டு நாடே கொதித்தது. சிறுவனின் தந்தை கைதானார். இரத்த மாதிரியை மாற்றிவிட்டதாக மருத்துவர்களும் கைதாயினர். சட்டம் எந்தச் சிறுவருக்கும் பாதுகாப்புத் தரும். இறந்த இருவரையும் எந்தச் சட்டமும் திருப்பித் தராது.

முன்கூட்டியே எடுக்கும் முடிவு

மயங்கிய மூளையிடம் முடிவைக் கேட்டுப் பயனில்லை என்று கண்டோம். ஆகவே முடிவை மூளை தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். திருவிழாவுக்கோ நண்பரின் விருந்துக்கோ புறப்படும் முன்பே, திரும்பி வரும் வழியைத் தீர்மானியுங்கள்: கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? யாரை அழைக்கலாம்? ஆட்டோவுக்குப் பணம் இருக்கிறதா?

நீங்கள் மதுவைத் தொடாதவராக இருக்கலாம். ஆயினும் குடித்த அண்ணன் அல்லது மாமாவின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தால் ஆபத்து உங்களுக்கும் சமமே. அவரிடம் வாதாடி வெல்ல முயலாதீர்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது, நான் ஏற மாட்டேன்" என்று சொல்லுங்கள். முடிந்தால் சாவியை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். நள்ளிரவானாலும் வீட்டுக்குத் தொலைபேசி செய்யுங்கள். அப்பா திட்டலாம். திட்டிவிட்டு அழைத்துப் போக வருவார்.