ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றைத் தேடி

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வாங்க. மாடிப்படி முழுக்கப் புத்தகம், பார்த்து ஏறணும்! புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் பக்கத்தில் ஒரு தமிழாசிரியர் வீட்டு மாடியறை இது. சூரியனுக்கு நம் மொழிகளின் மூதாதையர் வைத்திருந்த சொல்லை, எங்குமே எழுதிவைக்காத அந்தச் சொல்லை, இங்கே மீட்டெடுக்கிறார்கள்!

மின்விசிறி சுற்றுகிறது, காற்றுத்தான் வரக் காணோம். தரையெங்கும் துண்டுச் சீட்டுகள். பறக்காமலிருக்க மேலே பூட்டு, தாயக்கட்டை, ஒரு மாங்காய். நடுவில் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. 1961இல் வந்த நூலின் 1984ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பு, ஓரமெல்லாம் காபிக்கறையோடு!

ஒரு மாணவி சீட்டுகளை அடுக்குகிறாள். தமிழில் ஞாயிறு. மலையாளத்தில் ஞாயர். பழங்கன்னடத்தில் நேசர். "இதுக மூணும் அக்கா தங்கச்சியா ஐயா?" என்கிறான் ஒரு பையன். ஆசிரியர் சிரிக்கிறார். "முகஜாடையை நம்பாதப்பா. ஒரு ஒலி மாறியிருந்தா, மத்த சொல்லுலயும் அதே மாதிரி மாறியிருக்கணும்."

வேட்டை தொடங்குகிறது! நம் உயிர், கன்னடத்தில் உசிரு. பெயர், ஹெசரு. வயிறு, பசிரு. சீட்டு விழ விழக் கைதட்டல். நம் 'ய' இருக்கும் இடத்தில் அங்கே 'ச'. சரி, முதலில் இருந்தது எது? ஆளுக்கொரு பக்கம் கத்துகிறார்கள். சட்டையெல்லாம் வியர்வை.

அந்த நேரம் பார்த்து டீ வருகிறது. தூக்குவாளியோடு படியேறிய தம்பி மூச்சு வாங்குகிறார். "வெயில்ல உசுரே போகுதுண்ணே!"

அறையே துள்ளுகிறது. உசுரு! நம்ம ஊர்ப் பேச்சிலேயே 'ச' இருக்கிறதே! தம்பி திருதிருவென்று விழிக்க, முதல் டீ அவருக்கே.

அடுத்தது 'ஞ'. இங்கே எல்லோரும் சொல்வது நாயித்துக்கிழமைதானே? ஞண்டு நண்டானது போல, கன்னடத்திலும் 'ஞ' போய் 'ந' வந்திருக்கிறது. யானை தெலுங்கில் ஏனுகு ஆனதை ஒருத்தி நினைவுபடுத்த, 'ஆ' இருந்த இடத்தில் 'ஏ' வந்ததும் பிடிபடுகிறது. ஆசிரியர் பலகையில் நட்சத்திரக் குறி போட்டு, 'ஞாசிறு' என்று எழுதுகிறார். கல்வெட்டிலோ ஏட்டிலோ கிடைக்காத, கணித்தறிந்த வடிவம் என்பதற்கு அந்த நட்சத்திரம்தான் அடையாளம். கடைசி உயிரொலி பற்றிச் சண்டை இன்னும் ஓயவில்லை!

ஸ்லாவிய அறிஞர்களும் இதே வழியில்தான் போனார்கள். ரஷ்யரின் சோன்த்சே, செக் மக்களின் ஸ்லுன்த்செ, செர்பியரின் சுன்த்செ எல்லாவற்றையும் அருகருகே வைத்து மூலச்சொல்லை எட்டினார்கள். அதன் வால்பகுதி, சிறியதைச் செல்லமாகச் சொல்லும் விகுதி. சூரியக்குட்டி! அதன் வேரும் வடமொழி 'சூர்ய'வின் வேரும் ஒன்றே. ஆக, நாம் தினமும் சொல்லும் சூரியன் ரஷ்யச் சொல்லுக்குத் தூரத்துச் சொந்தம். ஞாயிறு நம் வீட்டுப் பிள்ளை.

அடுத்த வாரம் திங்களாம். கன்னடத்துத் 'திங்களு' இப்போதே சீட்டில் ஏறிவிட்டது. நீங்களும் வாங்க, உங்க ஊர்ப் பேச்சையும் கூட்டிக்கிட்டு வாங்க. எந்தச் சொல் எந்த வாயில் ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டது!